சாம்பல் நிற ரவிக்கை

கானாடுகாத்தானில் அந்தப் பெரிய வீட்டை
விடுதியாக்கிய பிறகு
காரில் வந்து இறங்குகிறவர்களின் கழுத்தில்
மாலை போடுவது என் வேலை.
வருகிறவர்கள் எல்லாம் உயரம்.
கையைத் தூக்க வேண்டும்.
தூக்கினால் தெரியும்.

ஒன்பது வருஷம் கறுப்பிலும் கருநீலத்திலும்
ரவிக்கை போட்டுத் தப்பித்தேன்.
அக்குளில் உள்துணி வைக்கச் சொன்னால்
டெய்லர் சிக்கந்தர் பாய் ஏன் என்று கேட்டதில்லை.
ஒரு துண்டு கூடுதலாக வெட்டிவைப்பார்.
பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்ததில்லை.
பிரேக் போட்டால் யார் மீதாவது விழுவேன்,
திட்டு வாங்குவேன், அது தேவலை.
குன்றக்குடியில் தீபாராதனைக்கு
ஊரே தலைக்கு மேல் கைகூப்பும்.
நான் நெஞ்சோடு நிறுத்திக்கொள்வேன்.
முருகனுக்கு அது போதும் என்று
நானாக முடிவு செய்திருந்தேன்.

தை மாசம் சீருடை மாறியது.
சேலையும் சாம்பல், ரவிக்கையும் சாம்பல்.
தண்ணீர் பட்டால்
பொய் சொல்லத் தெரியாத நிறம்.

இரண்டு வாரம் எனக்குப் பதிலாக
சோலைமணி மாலை போட்டாள்.
மூன்றாவது வாரம் கேட்டாள்,
‘ஏன்க்கா, கையில சுளுக்கா?’
ஆமாம் என்றேன்.
தைலம் கொண்டுவந்து கொடுத்தாள், பாவம்.

காரைக்குடி, நூறடி ரோடு, மாடியில் தோல் டாக்டர்.
மெய்யம்மை என்று பலகை.
என்னைவிட நாலு வயசு சின்னவளாக இருப்பாள்.
கையைத் தூக்கச் சொன்னாள்.
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு தூக்கினேன்.
அயோடின் தடவி, காயவிட்டு,
சோளமாவைத் தூவினாள்,
சப்பாத்திப் பலகையில் தூவுகிற மாதிரி.
கொஞ்ச நேரத்தில் மாவு கறுத்தது.
நாவல்பழக் கறுப்பு.
எங்கெங்கே ஊறுகிறது என்று
என் உடம்பே மை தொட்டு எழுதிக் காட்டியது.
கண்ணாடி பிடித்தாள்.
ஒன்பது வருஷமாக மறைத்தது
உள்ளங்கை அகலம்கூட இல்லை.

பேனாவால் புள்ளி வைத்தாள்,
பக்கத்துக்குப் பதினைந்து.
மார்கழியாக இருந்தால் கோலம் போட்டிருப்பாள்.
ஊசி போட்டாள்.
எறும்புக்கடிதான் என்றாள்.
எறும்பே கடித்திருக்காது அவளை.
பதினொன்றில் எண்ணுவதை விட்டேன்.

‘நரம்பு சொல்லும், சுரப்பிக்குக் கேக்காது.
ஆறேழு மாசம்.
அப்புறம் மறுபடி கேக்க ஆரம்பிச்சிடும்.’
இது விஷம்தானே என்றேன்.
‘அளவு தெரிஞ்ச விஷம்’ என்று
பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

பில்லைப் பார்த்ததும் நெற்றி வேர்த்தது.
அங்கே ஊசி போடவில்லை.
உமையாள் சீட்டில் தள்ளி எடுத்த பணம்.
வீட்டில் பல்லுக்கு என்று சொல்லியிருந்தேன்.

பதினோராம் நாள், சித்திரை வெயில்,
பிரான்சிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார்.
ஆறரை அடி.
அக்குளிலிருந்து இடுப்புவரை
சட்டை நனைந்து ஒட்டிக் கிடந்தது.
அவர் இரண்டு கையையும் அகல விரித்துத்
தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்தார்.
போட்டோ எடுக்கச் சொன்னார்.
யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.
மேனேஜர் ஓடிப்போய்த் துண்டு கொண்டுவந்தார்.
நான் எக்கி நின்று மாலை போட்டேன்.
என் ரவிக்கை காய்ந்து கிடந்தது, கடையில் மடித்துவைத்தது போல.
அந்த நனைந்த சட்டையைப் பார்த்து
எனக்கு வந்தது சத்தியமாகப் பொறாமை.

அந்த வெள்ளிக்கிழமை குன்றக்குடியில்
தலைக்கு மேல் கைகூப்பினேன்.
பக்கத்தில் நின்றவளின் முழங்கை இடித்தது.
மேலே இவ்வளவு நெரிசல் என்று
இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்று.

ஐப்பசி. மழை பிடித்த வாரம்.
வேன் நிறைய ஆட்கள், பன்னிரண்டு மாலை.
ஏழாவது ஆளுக்குத் தூக்கியபோது
இடது பக்கம் மெல்ல ஓர் ஈரம்.
கேட்க ஆரம்பித்துவிட்டது.

அந்த அம்மாள் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.
நிமிரட்டும் என்று
தூக்கின கையோடு நின்றேன்.
சீட்டில் இன்னும் நாலு தவணை பாக்கி.